நிலத்தாத்தாவுக்குக் காபி

லுவா அக்கா தினமும் காலையில் எங்கள் சந்துக் கோவிலின் நிலத்தாத்தாவுக்கு ஒரு கண்ணாடித் தம்ளர் நிறையக் காபி கொண்டுபோய் வைப்பார். ஐஸ் போட்டது, கெட்டிப் பால் ஊற்றியது. பக்கத்தில் வாழைப்பழம், பற்றவைத்த ஒரு சிகரெட். அது புகைந்து முடியும்வரை, சாப்பிடுகிறவர் எழுந்திருக்கக் காத்திருக்கும் சர்வரைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பிறகு தன் நூடுல்ஸ் கடைக்குப் போய்விடுவார். அவர் தலை மறைந்ததும் கோவிலைக் கூட்டுகிற அம்மாள் காபியைச் சாக்கடையில் ஊற்றிவிட்டுத் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். மறுநாள் லுவா அக்கா கவிழ்த்த தம்ளரை எடுத்துக்கொண்டு புதுக் காபியை வைப்பார். இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

இதையெல்லாம் நான் எதிரிலிருக்கும் எங்கள் மருந்துக்கடையிலிருந்து பார்ப்பேன். பார்ப்பதுதான் என் முக்கிய வேலை. மருந்து எடுத்துக் கொடுப்பது இடையிடையே. பேச்சு எனக்கு வராது. பள்ளிக்கூடத்தில் மாண்டரினில் படித்தேன். தேவாலயத்தில் எங்கள் தைவான் மொழியை ரோமன் எழுத்தில் படித்தேன். ஆக, இரண்டு மொழிகளில் வாயை மூடிக்கொண்டிருக்கக் கற்றவள் நான்.

லுவா அக்கா வியட்நாமின் தெற்கே, ஆறு கடலில் கலக்கும் பக்கத்திலிருந்து எங்கள் துறைமுகத்துக்கு மருமகளாக வந்தவர். அவர் கணவர் சூரை மீன் படகில் இன்ஜின் பார்த்தார். ஈரல் கெட்டு இறந்துபோனார். அதற்குப் பிறகும் லுவா அக்கா மாமியாரை விட்டுப் போகவில்லை. சந்து முனையில் கடை போட்டு, மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு, மகனைப் படிக்கவைத்தார். மகன் இப்போது ராணுவத்தில் இருக்கிறான். சந்தில் எல்லோரும் அவர் கடையில்தான் காலைச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் எல்லோரும் அவரை ‘அந்த வியட்நாம் மருமக’ என்றுதான் சொல்கிறார்கள்.

நான் அப்படிச் சொன்னதில்லை. அதைவிட மோசமாக ஒன்று செய்திருக்கிறேன். ஞாயிறு பள்ளியில் சிறு பிள்ளைகளுக்கு விக்கிரக வணக்கம் பற்றிப் பாடம் நடத்தியபோது கரும்பலகையில் ஒரு காபித் தம்ளர் வரைந்தேன். மண் பொம்மைக்குக் காபி கொடுத்து யாராவது வரம் வாங்க முடியுமா என்று கேட்டேன். ஒரு பிள்ளை, “அப்போ அந்தக் காபிய யாரு டீச்சர் குடிப்பாங்க?” என்றது. யாரும் குடிக்க மாட்டார்கள் என்றேன். “பாவம்” என்றது பிள்ளை. யார் பாவம் என்று நான் கேட்கவில்லை. பாட நேரம் முடிந்துவிட்டது.

நிலத்தாத்தா எங்கள் சந்துக்கு உரிய தெய்வம். வெள்ளைத் தாடி, சிவந்த கன்னம், கையில் ஒரு தங்கக் கட்டி. அவருடைய தூபச்சட்டி வருடத்துக்கு ஒரு வீட்டில் தங்கும். எந்த வீடு என்று அவரே சொல்வார். அவர் பிறந்தநாளன்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பிறை வடிவக் கட்டைகள் இரண்டைத் தரையில் போடுவார்கள். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் சம்மதம். இரண்டும் குப்புற விழுந்தால் மறுப்பு. இரண்டும் மல்லாந்தால் தாத்தா சிரிக்கிறார் என்று அர்த்தம். தொடர்ந்து அதிகச் சம்மதம் யார் பெயருக்கு விழுகிறதோ, சட்டி அந்த வீட்டுக்கு.

எங்கள் வீட்டின் பெயர் அதில் வருவதில்லை. என் கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்தே நாங்கள் ஊதுவத்தி ஏற்றாதவர்கள். அப்பா சபையின் மூப்பர். இந்த வருடம் பெயர் சேர்க்கக் கோவில் கமிட்டித் தலைவர் கோக்-ஹொங் மாமா வந்தபோது அப்பா சபைக் கூட்டத்துக்காகத் தைனானுக்குப் போயிருந்தார். நல்ல மழை. மாமா எங்கள் வாசலில் ஒதுங்கினார். கையில் பேனாவோடு ஒதுங்கினதால் பழக்கதோஷத்தில், “பேரு சேக்கலாமா?” என்றார்.

‘நாங்கள் கிறிஸ்தவர்கள்’ என்பது இரண்டே வார்த்தை. என்னிடம் இரண்டு மொழியிலும் அது தயாராக இருந்தது. ஆனால் அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நனைந்து நிற்கிறவரிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வரவில்லை. “லிம் இலிம்” என்று என் பெயரைச் சொன்னேன். கொசு மருந்து அடிக்கப் பெயர் கேட்கிறார்கள் என்று நினைத்துவிட்டதாகப் பிற்பாடு அப்பாவிடம் சொன்னேன். அப்படி நான் நினைக்கவில்லை.

தாத்தாவின் பிறந்தநாளன்று நான் ஒரு மீனவருக்கு மலச்சிக்கல் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எதிரே ஒலிபெருக்கியில் கோக்-ஹொங் மாமாவின் குரல் கேட்டது.

“லிம் இலிம். சம்மதம். மறுபடி... சம்மதம். மறுபடி.”

கட்டை விழும் சத்தம் கேட்டது. “சம்மதம்.”

அது நிற்கவில்லை. கூட்டம் ஓவென்றது. மீனவர் மருந்தைப் பையில் போட்டுக்கொண்டே, “யாரும்மா அது, லிம் இலிம்? தாத்தா விட மாட்டேங்கறாரே” என்றார்.

“தெரியல” என்றேன்.

அன்று மாலை கோக்-ஹொங் மாமா மருந்துக்கடைக்கு வந்தார். அவரும் அப்பாவும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். இன்றுவரை ஒரு விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை.

“ஹொங், உன் கட்டைக்குக் கண்ணு தெரியலையா?” என்றார் அப்பா.

“கட்டைக்கு எதுக்கு கண்ணு? தாத்தாவுக்கு இருக்கு. உன் பொண்ணு பேரக் குடுத்தா, அவரு எடுத்துக்கிட்டாரு.”

“என் வீட்டுக்குள்ள புகை வராது.”

“வேண்டாம்னா அவருக்கு அவமானம் மூப்பரே. இந்த வருஷம் படகுல எவனாவது வழுக்கி விழுந்தாக்கூட உங்க வீட்டத்தான் கைகாட்டுவாங்க. நான் காட்ட மாட்டேன். ஆனா காட்டுவாங்க.”

“மிரட்டறியா?”

“மூட்டுவலி மாத்திரை வாங்க வந்தேன். அப்படியே சொல்லிட்டுப் போறேன்.”

அவர் போன பிறகு அப்பா என் பக்கம் திரும்பினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். சோர்வாகத்தான் இருந்தார். “நான் போய்ப் பேசினா சண்டைதான் வரும். பேரு குடுத்தது நீ. நீயே போய்ச் சொல்லு. கமிட்டி கூடறப்போ, எல்லார் முன்னாடியும்.”

நான் பேச்சை எழுத ஆரம்பித்தேன். மாண்டரினில் எழுதினேன், ஏனென்றால் வாதம் செய்யப் பள்ளியில் கற்றது அந்த மொழியில். நன்றி, மரியாதை, மனச்சாட்சி, மன்னிப்பு என்று நல்ல நல்ல சொற்களாக அடுக்கினேன். சரக்கு அறையில் இருமல் மருந்துப் பாட்டில்களுக்கு முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். பாட்டில்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்கே என் மீது நம்பிக்கை வந்துவிட்டது.

அப்படி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் லுவா அக்கா வலி பிளாஸ்திரி வாங்க வந்தார்.

“உனக்குச் சட்டி விழுந்துச்சாமே” என்றார்.

“ஆமாக்கா. ஆனா நான் வேண்டாம்னு சொல்லப் போறேன்.”

எடுத்த பிளாஸ்திரியை அவர் கீழே வைத்தார். “வேண்டாமா?” என்றார். “நான் வந்த நாள்லேருந்து அவருக்குக் காபி வைக்கிறேன். ஒரு வருஷம்கூட என் பேரச் சொல்லிக் கட்டை போட்டதில்ல. ‘வீட்டுக்காரரு இல்லையே’ம்பாங்க. இல்லன்னா ‘மறந்துட்டோம்’பாங்க. நீ அந்த வாசல்ல ஒரு நாள் தலை குனிஞ்சிருப்பியா? உன்னைத் தேடி வராரு. நீ வேண்டாம்ங்கற.”

நான் பிளாஸ்திரியை எடுத்துப் பையில் போட்டேன்.

“சாயந்திரம் வீட்டுக்கு வா” என்றார். “எதை வேண்டாம்ங்கறேன்னு பாத்துட்டு அப்புறமா வேண்டாம்னு சொல்லு.”

நாங்கள் ஒரே சந்தில் இருக்கிறோம். அவர் வீட்டுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. வாசலில் பெரிய செருப்புத் தட்டு ஒன்று இருந்தது, கல்யாண மண்டபத்தில் வைப்பது போல. அதில் ஒரு ஓரமாக ஒரு ஜோடி பெண் செருப்பும், ஒரு ஜோடி ஆண் காலணியும் மட்டும் இருந்தன. மற்ற அடுக்குகளைத் துடைத்து வைத்திருந்தார்.

உள்ளே, தரையோடு தரையாகச் சுவரோரம் ஒரு சிறு சிவப்புப் பெட்டி. அதற்குள் தொப்பையும் தொடையுமாக ஒரு தெய்வம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தான் திறந்திருந்தது. முன்னால் காபி.

“இவரும் அவருதான்” என்றார் லுவா அக்கா. “எங்க ஊர்ல கடைக்குக் கடை தரையில இருப்பாரு. எங்கம்மா முதல் காபி இவருக்குத்தான் போடுவாங்க. இங்க கல்யாணமாகி வந்தப்போ எனக்கு ஒரு வார்த்தை புரியாது, ஒரு முகம் தெரியாது. சந்து முனையில பாத்தா இவரு நிக்கறாரு. தாடி வெச்சிருக்காரு, தொப்பையக் காணோம். இருந்தாலும் கண்டுபிடிச்சிட்டேன். ஊரு விட்டு வந்தா எல்லாருக்கும் இளைச்சுத்தான் போகும்.”

நான் சிரித்துவிட்டேன். பிறகு சிரித்தது தப்போ என்று யோசித்தேன். பிறகு தப்பு எந்தச் சாமிக்கு என்று யோசித்தேன்.

“உங்க சாமிக்கு என்ன, ஊதுவத்தி வாசனை ஆகாதா?” என்றார்.

“வாசனை இல்லக்கா. அவரத் தவிர வேற யாரையும் கும்பிடக் கூடாது.”

“பொறாமையா?”

இதற்குச் சபையில் நீண்ட விளக்கம் உண்டு. நான் அதைத் தேர்வில் எழுதிப் பரிசும் வாங்கியிருக்கிறேன். “கொஞ்சம்” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். “எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். மீன் வாங்கப் போனாக்கூடக் கூடவே வருவாரு. நல்ல மனுஷன்.” பிறகு, “அப்படின்னா உன்னக் கட்டாயப்படுத்தக் கூடாது” என்றார். “என் மாமியாருக்கு எங்க மீன் சாஸ் வாசனை ஆகாது. வெளிய அடுப்பு வெச்சு சமைக்கச் சொன்னாங்க. மழையிலயும் வெளியதான். நான் சண்டை போடல. மூக்கு அவங்களோடது, நான் என்ன பண்ண முடியும்? படுக்கையில விழுந்தப்புறம் அவங்களாக் கேட்டாங்க, அந்த நாத்தத்தக் கொஞ்சம் கஞ்சியில ஊத்துன்னு.”

பேசிக்கொண்டே தெய்வத்தின் முன்னாலிருந்த காபியை எடுத்து, ஐஸ் இன்னும் இரண்டு போட்டு, என் கையில் கொடுத்தார். படைத்தது. எங்கள் சபையில் படைத்ததைச் சாப்பிடக் கூடாது. தம்ளர் சில்லென்றிருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

“உங்களுக்கு ஏன்க்கா அந்தச் சட்டி?” என்று கேட்டேன், வேறு எதையாவது பேச வேண்டியிருந்ததால்.

“சட்டி எந்த வீட்டுல இருக்கோ, அங்க ஜனங்க காலையிலயும் வருவாங்க, சாயந்திரமும் வருவாங்க. வந்துதான் ஆகணும். வருஷம் பூரா.” வாசலைக் காட்டினார். “அந்தத் தட்டு நான் வந்த புதுசுல வாங்கினது. எங்கம்மா வீட்டு வாசல்ல எப்பவும் செருப்புக் குமிஞ்சு கிடக்கும். இங்கயும் அப்படி ஆகும்னு நெனச்சேன். என் கையால எல்லாரும் சாப்பிடறாங்க இலிம். கடையில. இந்த வீட்டுக்குள்ள யாரும் காலு வெச்சதில்ல. மாமியார் சாவுக்கு வந்தாங்க. அப்பவும் செருப்பக் கழட்டல. வாசல்லயே நின்னு கும்பிட்டுட்டுப் போயிட்டாங்க.”

ஐஸ் உருகிக் காபி வெளுத்துக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். நான் பார்ப்பதையும் பார்த்தார்.

“வயிறு சரியில்லக்கா” என்றேன்.

“மருந்துக்கடையில இருக்கறவளுக்கா?” என்று சொல்லி, தம்ளரை வாங்கி அவரே குடித்துவிட்டார். கோபமாகக் குடித்த மாதிரி தெரியவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கரும்பலகையில் நான் வரைந்த தம்ளர் இதேதான். கைப்பிடி இல்லாதது, அடியில் கனமானது. நன்றாகத்தான் வரைந்திருந்தேன்.

கமிட்டி, கோவில் முற்றத்து ஆலமரத்தடியில் கூடியது. பிளாஸ்டிக் முக்காலிகள், தேநீர், வறுத்த வேர்க்கடலை. கோவிலுக்குச் சொந்தமான தரையில் ஓடு பதித்திருக்கும். அப்பா அந்த ஓட்டுக்கு ஓர் அடி வெளியே தன் ஸ்கூட்டரை நிறுத்தி அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். லுவா அக்கா கூட்டத்தின் பின்னால், கடை ஏப்ரனோடு நின்றார்.

“சொல்லும்மா” என்றார் கோக்-ஹொங் மாமா.

மாண்டரினில் எழுதிய பேச்சு என் சட்டைப் பையில் இருந்தது. வாயைத் திறந்தேன். வந்தது எங்கள் தைவான் மொழி.

“நான் ஊதுவத்தி பிடிக்க மாட்டேன்” என்றேன். “மண்டி போட மாட்டேன். எங்க வீட்டுல சட்டி வைக்க முடியாது.”

எழுதிய பேச்சிலும் இந்த மூன்று வாக்கியங்கள் உண்டு. கடைசிப் பக்கத்தில், பஞ்சு சுற்றி வைத்திருந்தேன். பஞ்சு மட்டும் வரவில்லை.

மீன் ஏலக்கடை சிங்-ஹோ அம்மாள் கடலைத் தோலை ஊதினார். “பேரு மட்டும் குடுப்பாளாம்.”

“பேரு குடுத்தது தப்புதான் அத்தை. மழையில மாமா நனைஞ்சுட்டு நின்னாரு. இல்லன்னு சொல்ல வரல.”

“இப்ப மட்டும் நல்லா வருது. இந்த இயேசு ஆளுங்க சொந்தத் தாத்தாவுக்கே ஊதுவத்தி ஏத்த மாட்டாங்க. நம்ம தாத்தாவுக்கா ஏத்தப் போறாங்க?”

யாரோ சிரித்தார்கள். ஸ்கூட்டர் பக்கம் அப்பா எழுந்து நின்றது தெரிந்தது. அவர் பேசினால் அதோடு எல்லாம் முடிந்துவிடும். அந்தப் பயத்தில்தான் நான் பேசினேன், தைரியத்தில் இல்லை.

“எங்க தாத்தா கல்லறையில வருஷா வருஷம் புல்லுப் பிடுங்கறது நான்தான் அத்தை. பிடுங்கிட்டு அவருக்குப் பிடிச்ச பாட்டப் பாடுவோம். அப்பாவுக்கு சுருதி சேராது. இருந்தாலும் பாடுவாரு. உங்களுக்கு ஊதுவத்தி ஏத்தறப்போ எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. எங்களுக்கு அந்தப் பாட்டு அப்படித்தான் இருக்கும்னு நெனைக்கிறேன். புகை மட்டும் இல்ல.”

சிங்-ஹோ அம்மாள் மடியில் விழுந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டார். அவர் கணவரின் கல்லறையும் அதே மேட்டில்தான் இருக்கிறது. எங்கள் பாட்டு அங்கே கேட்கும். அப்பாவின் சுருதியும்.

“சரி விடுங்க” என்றார் கோக்-ஹொங் மாமா. “பதிலாளு வெச்சுக்கலாம். கடலுக்குப் போனவனுக்குத் தம்பி செஞ்சிருக்கான், வழக்கம் உண்டு. என் மச்சான் மகன் இருக்கான்...”

“லுவா அக்கா செய்யட்டும்” என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். லுவா அக்கா கைகளை ஏப்ரனில் துடைத்தார். கையில் ஈரம் எதுவும் இல்லை.

“அது சரிவராது” என்றார் மாமா, குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி. “நல்ல மனுஷிதான். அதுல குத்தம் இல்ல. ஆனா முறை தெரியாது. காபி வைக்குது, சிகரெட் வைக்குது. தாத்தாவுக்குத் தேநீர்தான் முறை.”

“அவங்க ஊரு சாமி வேறம்மா” என்றார் சிங்-ஹோ அம்மாள், என்னிடம்.

“அதே சாமிதான்” என்றார் லுவா அக்கா பின்னாலிருந்து.

“அங்க காபி குடிக்கறவரு இங்க ஏன் குடிக்க மாட்டேங்கறாரு?” என்றார் சிங்-ஹோ அம்மாள்.

“நீங்க எங்க குடிக்க விட்டீங்க? நான் அந்தப் பக்கம் போனதும் சாக்கடையில ஊத்திடறீங்க.”

கோவிலைக் கூட்டுகிற அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். பேச்சு கெட்டுவிடும் போல இருந்தது. நான் வாதத்தில் கெட்டிக்காரி இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் மருந்துக்குக் காத்திருக்கும்போது சொல்கிற கதைகள். கோக்-ஹொங் மாமா இளவயதில் தூரக் கடல் கப்பலில் போனவர். மூட்டுவலி மாத்திரைக்கு வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு துறைமுகத்தைப் பற்றிச் சொல்வார். ஆனால் ஒரு விஷயம் அவர் சொன்னதில்லை. எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

“மாமா, கப்பல்ல இருந்தப்போ தாத்தா பிறந்தநாளுக்கு என்ன வெச்சீங்க?”

அவர் ஒரு கடலையை உடைத்தார். தின்னவில்லை.

“மான்டிவிடியோ துறைமுகத்துல நின்னோம்” என்றார். “இன்ஜின் ரிப்பேரு. தேநீர் தீந்துபோச்சு. அரிசி தீந்துபோச்சு. அந்த ஊர்ல எங்க பாத்தாலும் மாட்டுக்கறி. அத அவருக்கு வைக்க முடியுமா?”

“அப்புறம்?”

“என்னமோ வெச்சோம்.”

“என்ன?” என்றார் சிங்-ஹோ அம்மாள்.

மாமா அவரைப் பார்க்காமல் சொன்னார். “கோலா.”

“பாட்டிலோடயா?”

“தம்ளர்ல ஊத்தித்தான் வெச்சேன். மரியாதை தெரியாதா எனக்கு?”

முற்றம் முழுக்கச் சிரிப்பு. அவரும் சிரிக்கப் பார்த்தார், பாதியில் நின்றுவிட்டது. “சமையக்காரர் அழுதுட்டாரு” என்றார். “அதுல நுரை வந்து அடங்கிச்சு பாருங்க, தாத்தா குடிச்சிட்டாருன்னு. ஊர் ஞாபகம். வேற ஒண்ணும் இல்ல.”

பிறகு வெகுநேரம் அவர் லுவா அக்காவைப் பார்த்தார். முதல் தடவையாகப் பார்ப்பது போல என்று எழுத ஆசைதான். ஆனால் அவர் தினமும் காலையில் அவரிடம்தான் நூடுல்ஸ் வாங்குகிறார்.

“அந்தக் காபி உங்க வீட்டுல போடறதா?” என்றார்.

“எங்கம்மா கடையில போடறது.”

“அம்மா இருக்காங்களா?”

“இல்லீங்க.”

மாமா முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “கட்டைய எடுங்க. அவரையே கேட்டுடலாம். அவரு வேண்டாம்னா யாரும் எங்கிட்ட சண்டைக்கு வரக் கூடாது.”

ஆனால் அதிலும் ஒரு முறை உண்டு. பெயர் விழுந்தவரே தாத்தாவிடம் காரணத்தைச் சொல்ல வேண்டும். “மண்டி போட வேண்டாம்” என்றார் மாமா. “நின்னுட்டே சொல்லு. ஊதுவத்தியும் வேண்டாம். ஆனா வாயால சொல்லு. எங்க கிட்ட சொன்னல்ல, அவருகிட்டயும் சொல்லு.”

அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஸ்கூட்டரின் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

தாத்தாவின் முன்னால் போய் நின்றேன். மிக அருகில் அவரை நான் பார்த்ததே இல்லை. தாடி உண்மையான முடி, வாரிவிட்டிருந்தார்கள். இந்த மொழியில் மரியாதையாகப் பேச நான் கற்றது தேவாலயத்தில் மட்டும்தான். அதனால் மன்றாட்டில் எழும் அதே குரல் வந்தது.

“மன்னிக்கணும் தாத்தா. எனக்கு உங்க மேல நம்பிக்கை இல்லை. பேரு குடுத்தது என் தப்பு. உங்கள அவமானப்படுத்தணும்னு இல்லை. இந்த அக்காவுக்கு உங்க மேல நம்பிக்கை இருக்கு. எனக்கு இவங்க மேல இருக்கு. எனக்குப் பதிலா இவங்க வீட்டுக்குப் போறீங்களா?”

நம்பிக்கை இல்லாத ஒருவரிடம் அவ்வளவு பணிவாக நான் அதுவரை பேசியதில்லை. நம்புகிறவரிடமும் பேசியிருப்பேனா என்பது சந்தேகம். பின்னால் அப்பா இருமினார்.

லுவா அக்கா மண்டியிட்டுக் கட்டைகளைப் போட்டார். இரண்டும் மல்லாந்து விழுந்தன.

“சிரிக்கறாரு” என்றார் கோக்-ஹொங் மாமா. “கேள்வி முழுசா இல்லைன்னு அர்த்தம். எதையோ மறைக்கறீங்க. காபியச் சொல்லுங்க.”

லுவா அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். “தாத்தா, உங்களுக்குத் தேநீர் வைக்கிறேன், இவங்க முறைப்படி. காபியும் வைப்பேன். அத நிறுத்த மாட்டேன்.” சற்று யோசித்தார். “சிகரெட்ட வேணா பாதியாக் குறைச்சுக்கறேன்.”

போட்டார். சம்மதம்.

மறுபடியும் சம்மதம்.

மூன்று முறை விழ வேண்டும். இதில் நம்பிக்கை இல்லாத ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய அவசியமே இல்லை. நின்றேன். கட்டைகள் ஓட்டுத் தரையில் உருண்டு, ஒன்று குப்புறப் படுத்தது, இன்னொன்று ஆடி ஆடி மல்லாந்தது.

“சம்மதம்” என்றார் சிங்-ஹோ அம்மாள், மாமா சொல்வதற்கு முன்னால்.

சட்டியை வீட்டுக்குக் கொண்டுபோகிற அன்றும் மழை. லுவா அக்கா சட்டியை நெஞ்சோடு அணைத்து நடந்தார். பெயர் விழுந்தவர் கூடவே நடப்பது முறை. எல்லோர் கையிலும் ஊதுவத்தி. என் கையில் குடை.

“குடை பிடிச்சா உங்க சாமி ஒண்ணும் சொல்ல மாட்டாரே?” என்றார் கோக்-ஹொங் மாமா.

“அக்காவுக்குத்தான் மாமா பிடிக்கிறேன்.”

பிற்பாடு சபையிலும் இதையே சொன்னேன், சட்டி நனையாமல் போனது தற்செயல் என்று. போதகர் நம்பின மாதிரி தெரியவில்லை. ஆனால் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வீடு வாசலில் மேசை போட்டுத் தாத்தாவுக்குப் பழம் வைத்திருந்தார்கள். எங்கள் மருந்துக்கடை வாசலிலும் ஒரு மேசை இருந்தது. பார்லித் தேநீரும் உப்பு பிஸ்கட்டும் இருந்தன. மேசைக்கு முன்னால் அப்பாவின் கையெழுத்தில் ஓர் அட்டை: ‘நடந்து வருபவர்களுக்கு மட்டும்.’

மாமா ஒரு கோப்பை எடுத்துக் குடித்தார். “தாத்தாவும்தான் வராரு மூப்பரே.”

“அவரத் தூக்கிட்டு வர்றீங்க” என்றார் அப்பா. “நடக்கல.” இன்னொரு கோப்பையை ஊற்றி லுவா அக்காவின் வாயருகே பிடித்தார், அவர் கை இரண்டும் சட்டியில் இருந்ததால்.

சில வாரம் கழித்து, லுவா அக்கா கேட்ட பிளாஸ்திரியைக் கொடுப்பதற்காக அவர் வீட்டுக்குப் போனேன். வாசல் செருப்புத் தட்டில் இடமில்லை. மீன் சந்தை ரப்பர் பூட்ஸ், கோவிலைக் கூட்டுகிற அம்மாளின் துணிச் செருப்பு, யாருடையதோ தெரியாத சிறு செருப்புகள் என்று தட்டுக்கு வெளியேயும் படிவரை குமிந்து கிடந்தன. என்னுடையதைத் தெருவில் விட வேண்டியதாயிற்று. உள்ளே சிங்-ஹோ அம்மாள் பழம் அடுக்கிய விதம் சரியில்லை என்று குரலை உயர்த்திக் குறை சொல்லிக்கொண்டிருந்தார், சொந்தக்காரர்கள் சொல்வது போலவே. லுவா அக்காவும் அதே குரலில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் அடுக்களைப் பக்கம் வரச் சொன்னார். இரண்டு தம்ளர் எடுத்தார். கெட்டிப் பால், காபி, ஐஸ். முதல் தம்ளரை என் கையில் கொடுத்தார்.

“குடி” என்றார். “அவருக்கு இன்னும் வைக்கல. உனக்குத்தான் முதல்ல.”

நின்றபடியே குடித்தேன். ரொம்ப இனிப்பு.

“வயிறு?” என்றார்.

“சரியாயிடுச்சுக்கா.”

அவர் இரண்டாவது தம்ளரை எடுத்துக்கொண்டு தாத்தாவிடம் போனார்.